பழைய விசைப்படகுகளில் எஞ்சின் இரைச்சலும் அதிர்வும்: காரணங்களும் குறைக்கும் முறைகளும்

வங்காளத்தின் ஆறுகளிலும் சுந்தரவனக் கழிமுகங்களிலும் எஞ்சின் பொருத்திய நாட்டுப்படகை மக்கள் 'பட்பட்டி' என்றே வழங்குகின்றனர். எஞ்சின் எழுப்பும் ஓசையே படகின் பெயராக நிலைத்துவிட்டது. இந்தியக் கரைகளில் எஞ்சினின் ஓசை பரவிய வரலாறு நெடியதன்று. ஐக்கிய நாடுகள் அமைப்பு, நார்வே, இந்தியா ஆகிய மூன்றும் 1952-ஆம் ஆண்டு செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, கொல்லத்தை அடுத்த நீண்டகரைப் பகுதியில் விசைப்படகு மீன்பிடிப்பு தொடங்கப்பெற்றது. மீன்பிடித் தொழில்நுட்பத்தை ஆராய்வதற்கென 1957-இல் கொச்சியில் மத்திய நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. அதன்பின் விசைப்படகுகள் எல்லாக் கரைகளிலும் பெருகின. இன்றும் மர உடலும் பழைய டீசல் எஞ்சினும் கொண்ட படகுகள் பல தொழிலில் உள்ளன. அவற்றின் இரைச்சலையும் அதிர்வையும் தொழிலாளர் 'படகு என்றால் அப்படித்தான்' என்று பொறுத்துக்கொள்கின்றனர். பொறுத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை என்பதையும், குறைக்கும் வழிகள் பெரும்பாலும் எளியவை என்பதையும் விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

1. தீங்குகள்

இரைச்சலின் முதல் தீங்கு செவியைச் சார்ந்தது. ஒலியின் அளவு டெசிபெல் என்னும் அலகால் கூறப்படும். நாளொன்றுக்கு 8 மணி நேரம் பணிபுரிபவர் கேட்கத்தக்க எல்லை 85 டெசிபெல் எனப் பல நாடுகளின் தொழில்நலத் துறைகள் கொண்டுள்ளன. அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபெல் உயர்வுக்கும் நேரத்தைப் பாதியாகக் குறைத்தல் வேண்டும் என்பது அவற்றின் கணக்கு. 88 டெசிபெல்லுக்கு 4 மணி நேரமும் 94 டெசிபெல்லுக்கு 1 மணி நேரமுமே தகும். மூடப்படாத டீசல் எஞ்சினின் அருகே ஒலி இவ்வளவைக் கடப்பது சாதாரணம். இரைச்சலால் இழந்த செவிப்புலன் மருந்தால் மீள்வதில்லை. இழப்பு மெல்ல வருவதால், பிறர் எடுத்துச் சொல்லும்வரை உரியவரே அதனை உணர்வதில்லை.

இரண்டாவது தீங்கு கடற்பயணத்தின் பாதுகாப்பைச் சார்ந்தது. மற்றொரு கலத்தின் ஊதொலி, வலை இழுப்பவரின் எச்சரிக்கை, நீரில் விழுந்தவரின் கூக்குரல் ஆகியவை சுக்கான் பிடிப்பவரின் காதை எட்டவேண்டும். இரைச்சல் மிக்க படகில் இவை எட்டுவதில்லை.

மூன்றாவது தீங்கு அதிர்வால் வருவது. அதிர்வு எரிபொருட் குழாய்களில் வெடிப்பை உண்டாக்கும். மின்கம்பியின் உறையைத் தேய்க்கும். மரப்பலகைகளின் இணைப்பில் உள்ள கலப்பத்தைத் தளர்த்தி நீர்க்கசிவுக்கு வழி செய்யும். புகைக்குழாயின் இணைப்பு தளர்ந்தால் கார்பன் மோனாக்சைடு கலந்த புகை அறைக்குள் கசியும். இவ்வாயு நிறமும் மணமும் அற்றது. மூடிய அறையில் உறங்குபவரைக் கொல்ல வல்லது. ஆகவே, புதிதாகக் கேட்கும் இரைச்சல் பெரும்பாலும் ஒரு பழுதின் முன்னறிவிப்பு என்று கொள்ளுதல் தகும்.

2. பெரியதை முதலில் குறைத்தல்

டெசிபெல் சாதாரண எண்களைப் போலக் கூட்டத்தக்கதன்று. சமமான இரு ஒலிகள் சேர்ந்தால் அளவு 3 டெசிபெல்தான் கூடும். இவ்வியல்பை உணராதவர் வீண்செலவு செய்வர். எடுத்துக்காட்டாக, சுக்கானருகே புகைக்குழாயின் ஒலி மட்டும் 100, எஞ்சின் உடலின் ஒலி மட்டும் 95, அதிரும் பலகைகளின் ஒலி மட்டும் 90 டெசிபெல் எனக் கொள்க. மூன்றும் சேர்ந்த அளவு 101.5 ஆகும். எஞ்சினைப் பெட்டியிட்டு மூடி, அதன் ஒலியை 95-லிருந்து 85-க்குக் குறைத்தாலும், மொத்தம் 100.5 ஆகவே இருக்கும். செலவு முழுவதற்கும் கிடைத்த பயன் 1 டெசிபெல். அதற்கு மாறாகப் புகைக்குழாயின் ஒலியை 85-க்குக் குறைத்தால் மொத்தம் 96.5 ஆகும். அதன் பின்னரே எஞ்சினைப் பெட்டியிடுவதில் பொருள் உண்டு.

எனவே முதற்பணி அளத்தல். ஒலிமானி இல்லாத இடத்தில் கைப்பேசியின் ஒலியளவுச் செயலியைப் பயன்படுத்தலாம். ஆனால் அது காட்டும் எண்ணை முன்-பின் ஒப்பீட்டுக்கு மட்டுமே கொள்ளுதல் வேண்டும். ஒரே இடம், ஒரே உயரம், ஒரே சுழற்சி வேகம் ஆகியவற்றில் ஒவ்வொரு முறையும் அளந்து குறித்துவைத்தல் அவசியம்.

3. அதிர்வெண்ணால் காரணம் அறிதல்

அதிர்வு எங்கிருந்து வருகிறது என்பதை அதன் அதிர்வெண் காட்டும். நான்கு வீச்சு எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை எரிகிறது. ஆகவே சிலிண்டர்களின் எண்ணிக்கையை நிமிடச் சுற்றுகளால் பெருக்கி 120-ஆல் வகுத்தால், வினாடிக்கு எத்தனை முறை எரிதல் நிகழ்கிறது என்பது கிடைக்கும். ஒரு சிலிண்டர் எஞ்சின் 1500 சுற்றில் ஓடினால் இது வினாடிக்கு 12.5 ஆகும். இவ்வளவு தாழ்ந்த அதிர்வெண்ணைச் செவி ஒரே தொனியாகக் கேட்பதில்லை. ஒவ்வொரு வெடிப்பையும் தனித்தனியே கேட்கிறது. 'பட்பட்' என்னும் ஓசையின் காரணம் இதுவே.

நான்கு சிலிண்டர் கொண்ட நான்கு வீச்சு எஞ்சின் 1500 சுற்றில் ஓடுகிறது. கியர் விகிதம் 2.5-க்கு 1, புரொப்பெல்லருக்கு மூன்று இலைகள் எனக் கொண்டால், வினாடிக்குரிய அதிர்வெண்கள் பின்வருமாறு அமையும்:

புரொப்பெல்லர் தண்டின் சுழற்சி: 10
ஒரு சிலிண்டர் சரிவர எரியாமை: 12.5
எஞ்சின் தண்டின் சுழற்சி: 25
புரொப்பெல்லர் இலைகளின் வீச்சு: 30
எரிதல்: 50

தண்டு வளைந்திருந்தாலும், ஓர் இலை உடைந்திருந்தாலும், கயிறு சுற்றியிருந்தாலும் 10 என்ற அதிர்வு மிகும். இலை நுனிக்கும் படகின் அடிப்பலகைக்கும் இடைவெளி போதாவிடில் 30 என்ற அதிர்வு மிகும். இவ்விடைவெளி புரொப்பெல்லர் விட்டத்தில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாதிருத்தல் நன்று. ஓர் எரிபொருள் தெளிப்பான் பழுதுற்றால் 12.5 தோன்றும்.

கருவி இல்லாதபோதும் எளிய சோதனை ஒன்று உண்டு. படகைப் பயண வேகத்தில் செலுத்தி அதிர்வைக் கவனித்தபின், கியரை நடுநிலைக்கு மாற்றி, எஞ்சினை அதே சுற்றுக்குக் கொண்டுவருக. அதிர்வு மறைந்தால் குற்றம் தண்டிலோ புரொப்பெல்லரிலோ உள்ளது. மறையாவிடில் எஞ்சினிலோ அதன் தாங்கிகளிலோ உள்ளது. அதன்பின், குறைந்த வேகத்தில், எரிபொருட் குழாயின் இணைப்பைச் சிலிண்டர்தோறும் ஒவ்வொன்றாகச் சிறிது தளர்த்திப் பார்த்தால், எந்தச் சிலிண்டரில் வேறுபாடு தோன்றவில்லையோ அதுவே பழுதுற்றது எனத் தெரியும். அழுத்தமிக்க டீசல் தோலைத் துளைத்து உட்புகும். ஆதலின் இதனைப் பயிற்சியுள்ள மெக்கானிக் மட்டுமே, கையுறையும் கண்ணாடியும் அணிந்து செய்தல் வேண்டும். உயர் அழுத்த எரிபொருட் பொதுக்குழல் கொண்ட புதுவகை எஞ்சின்களில் இதனைச் செய்யவே கூடாது.

4. புகைக்குழாயின் இரைச்சல்

எரிந்த வாயு வால்வு திறந்தவுடன் பெருவேகத்துடன் வெளிப்படுவதால் அழுத்த அலைகள் உண்டாகின்றன. அவையே இரைச்சல். இவ்வலைகளைக் குறைக்க இரு வழிகள் உள்ளன: அலையைத் திருப்பி அனுப்புதல், அலையின் ஆற்றலை உறிஞ்சிவிடுதல்.

முதல் வழியில் செயற்படுவது விரிவறைச் சைலன்சர். குழாய் திடீரென அகன்ற அறையாக விரியும் இடத்தில் அலையின் பெரும்பகுதி எஞ்சினை நோக்கித் திரும்புகிறது. குழாயின் விட்டத்தைப் போல அறையின் விட்டம் 2 மடங்காயின், மிகச் சாதகமான அதிர்வெண்ணில் கிடைக்கும் குறைவு சுமார் 6.5 டெசிபெல், 3 மடங்காயின் 13, 4 மடங்காயின் 18. மிகுந்த குறைவு கிடைப்பதற்கு அறையின் நீளம் அலைநீளத்தில் கால்பங்காக இருத்தல் வேண்டும். 400 டிகிரி வெப்பமுள்ள புகையில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 520 மீட்டர் செல்கிறது. ஆகவே 200 அதிர்வெண்ணுக்கு ஏற்ற அறையின் நீளம் 65 செ.மீ. ஆகும். 4 மடங்கு விட்டமும் இந்நீளமும் கொண்ட அறை, 50 அதிர்வெண்ணிலும் 10 டெசிபெல் அளவு குறைக்கும். ஆயினும் 400 அதிர்வெண்ணில் அறையின் நீளம் அலைநீளத்தில் அரைப்பங்கு ஆகிவிடுவதால் அவ்வொலி தடையின்றிக் கடந்துவிடும். இதனைத் தடுக்கவே நல்ல சைலன்சர்கள் நீளம் வேறுபட்ட இரண்டு அறைகளைக் கொண்டிருக்கின்றன. இவை கணக்கின்படி வரும் அளவுகள். புகையோட்டத்தின் காரணமாக நடைமுறையில் பயன் சற்றுக் குறையும்.

இரண்டாவது வழியில், துளையிட்ட குழாயைச் சுற்றிக் கனிமப் பஞ்சு நிரப்பப்படுகிறது. இது உயர்ந்த அதிர்வெண்களுக்கு ஏற்றது. கரி படிந்தால் பஞ்சின் திறன் குன்றும்.

ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் முழக்கம் எழுமானால், சைலன்சருக்குப் பின்னுள்ள வால்குழாய் ஒத்ததிர்வு கொள்கிறது எனக் கருதலாம். அதன் நீளத்தைச் சிறிது மாற்றினாலே முழக்கம் வேறு வேகத்துக்கு விலகிவிடும்.

*நீர் கலந்த புகைவழி.* புகையினுள் கடல்நீரைச் செலுத்தும் முறை இரைச்சலைப் பெரிதும் தணிக்கிறது. வெப்பம் 400 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு இறங்கினால் வாயுவின் பருமன் ஏறத்தாழப் பாதியாகும். ஒலியின் வேகம் வினாடிக்கு 366 மீட்டராகும். ஆகவே முன்கூறிய 65 செ.மீ. அறைக்குப் பதிலாக 46 செ.மீ. அறையே போதும். உலோகக் குழாய்க்கு மாற்றாகப் புகைவழிக்கென்றே செய்யப்பட்ட ரப்பர்க் குழாயையும் பயன்படுத்தலாம்.

ஆயினும் இம்முறையைப் பழைய படகில் புகுத்துவோர் மூன்று செய்திகளை மறத்தல் ஆகாது. முதலாவது, நீர் புகும் இடம், எழுகுழாயின் உச்சியைக் கடந்து கீழ்நோக்கிச் சரியும் பகுதியில் இருத்தல் வேண்டும். இல்லையேல் நீர் சிலிண்டருக்குள் திரும்பிவிடும். இரண்டாவது, அவ்விடம் படகின் நீர்மட்டத்துக்குச் சற்றே மேலாகவோ கீழாகவோ அமைந்தால், எஞ்சின் நின்றபின்னும் கடல்நீர் தானாக இழுபட்டு வரும். ஆதலின் காற்றுவாய் கொண்ட உயர்ந்த வளைகுழாய் ஒன்றை நீர்வழியில் அமைத்தல் அவசியம். மூன்றாவது, கிளம்பாத எஞ்சினைப் பலமுறை சுழற்றும்போது நீரை வெளியே தள்ளப் புகையின் அழுத்தம் இராது. அப்போது கடல்நீர் வால்வை மூடிவைத்து, எஞ்சின் கிளம்பியவுடன் திறத்தல் வேண்டும். நீர் பம்பு பழுதுபட்டால் ரப்பர்க்குழாய் கருகிவிடும் என்பதால் வெப்ப எச்சரிக்கைக் கருவியும் தேவை.

*பின்னழுத்தம்.* சைலன்சர் புகையின் போக்கை மிகுதியாகத் தடுத்தால் எஞ்சினின் திறன் குறைந்து எரிபொருள் வீணாகும், கரும்புகை தோன்றும். எஞ்சின் செய்தவர் குறித்துள்ள எல்லையை மீறாமல் இருத்தல் வேண்டும். இதனை அளக்க விலைமிக்க கருவி வேண்டுவதில்லை. எஞ்சினை அடுத்த குழாயில் சிறு துளையிட்டு, நீண்ட செப்புக்குழாய் ஒன்றை இணைத்து, அதன் மறுமுனையில் நீர் நிரப்பிய 'ப' வடிவக் கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் குழாயைப் பொருத்துக. முழுப் பளுவில் ஓடும்போது இரு நீர்மட்டங்களின் வேறுபாடே பின்னழுத்தம். எல்லை பாதரச அளவில் தரப்பட்டிருந்தால் 13.6-ஆல் பெருக்கிக்கொள்க, 50 மி.மீ. பாதரசம் 680 மி.மீ. நீருக்குச் சமம்.

*கல்நார் பற்றிய எச்சரிக்கை.* பழைய படகுகளின் புகைக்குழாயில் கல்நார்க் கயிறு சுற்றப்பட்டிருக்கக் கூடும். முற்காலத்தில் இது சிறந்த வெப்பக்காப்பு எனக் கருதப்பட்டது. இதன் நுண்ணிழைகள் நுரையீரல் நோயையும் புற்றுநோயையும் உண்டாக்குவன என்பது இப்போது உறுதி. உலர்ந்த நிலையில் இதனைப் பிய்த்தெடுத்தல் கூடாது. பயிற்சி பெற்றவர் உரிய முகக்காப்பு அணிந்து, நன்கு நனைத்து அகற்றி, மூடிய பையில் இடுதல் வேண்டும். அதற்கு மாற்றாகக் கண்ணாடியிழை அல்லது கனிமப் பஞ்சு உறை போதுமானது.

5. எஞ்சின் தாங்கிகள்

ரப்பர்த் தாங்கியின்மேல் எஞ்சினை அமர்த்தினால் அதிர்வு குறையும் என்பது பொதுநம்பிக்கை. இது எப்போதும் உண்மையன்று. தாங்கியின் இயற்கை அதிர்வெண்ணைக் காட்டிலும் எஞ்சினின் அதிர்வெண் 1.4 மடங்குக்கு மேற்பட்டால்தான் பயன் தொடங்கும். அதற்குக் கீழே ரப்பர் அதிர்வைப் பெருக்கும்.

எஞ்சினின் எடையால் ரப்பர் எவ்வளவு அமுங்குகிறதோ அதைக்கொண்டு இயற்கை அதிர்வெண்ணை அறியலாம். அமுங்கும் அளவை மி.மீ.-இல் கொண்டு, அதன் வர்க்கமூலத்தால் 15.8-ஐ வகுத்தல் வேண்டும். 4 மி.மீ. அமுங்கினால் வினாடிக்கு சுமார் 8 ஆகும். அதிரும்போது ரப்பர் சற்றே விறைப்பாக நிற்பதால் உண்மையளவு சிறிது கூடும். இத்தாங்கியின் வழியே 50 அதிர்வெண்ணுள்ள விசையில் நாற்பதில் ஒரு பங்கே படகுக்குச் செல்லும், 25-இல் ஒன்பதில் ஒரு பங்கு செல்லும், 12.5-இலோ மூன்றில் இரண்டு பங்கு சென்றுவிடும். நான்கு சிலிண்டர் எஞ்சினுக்கு ரப்பர்த் தாங்கி சிறந்தது என்பதும், ஒரு சிலிண்டர் எஞ்சினுக்கு அதனால் பயன் சிறிதே என்பதும் இதனால் விளங்கும். பின்னதற்கு உறுதியான அடித்தளமே நன்மருந்து. அடிக்கட்டைகள் நீண்டு பல விலாச் சட்டங்களின்மேல் பரவி நிற்பதும், முழுத்துளை போல்ட்டுகளும் அகன்ற இரும்புத் தகடுகளும் கொண்டு பிணைக்கப்படுவதும் வேண்டும். கட்டையைச் சுத்தியால் தட்டும்போது மந்தமான ஓசை எழுந்தால் உள்ளே உளுத்திருக்கிறது எனக் கொள்க. உளுத்த கட்டையில் போல்ட்டை எத்தனை முறை இறுக்கினாலும் நில்லாது.

ரப்பர்த் தாங்கி அமைத்தபின் எஞ்சினைப் படகோடு விறைப்பாக இணைக்கும் வேறு எப்பொருளும் இருத்தல் கூடாது. விறைத்த புகைக்குழாய் ஒன்று போதும், தாங்கியின் பயனைக் கெடுக்க. புகைவழியில் நெளிகுழாயும், எரிபொருள் வழியில் உரிய வளைகுழாயும், தண்டில் நெகிழ் கப்ளிங்கும் அமைத்தல் வேண்டும். புரொப்பெல்லரின் உந்துவிசையும் எஞ்சின் தாங்கிகளின் வழியாகவே படகைச் சேர்வதால், முன்பின் அசைவைத் தாங்கும் படகுக்குரிய தாங்கிகளையே தேர்ந்தெடுத்தல் நலம். எண்ணெயில் ஊறி உப்பிய ரப்பரையும் வெடித்து இறுகிய ரப்பரையும் மாற்றிவிடுதல் வேண்டும். எஞ்சினை நிறுத்தும்போது அது ஒரு கணம் பலமாக ஆடுவது, சுழற்சி குறைந்து இயற்கை அதிர்வெண்ணைக் கடப்பதால் நேர்வது, பழுதன்று.

6. தண்டின் நேரமைப்பு

கியர்ப்பெட்டியின் கப்ளிங்கும் தண்டின் கப்ளிங்கும் ஒரே நேர்கோட்டில் இல்லையெனில், வேறெந்தச் சீரமைப்பும் பயன் தராது. மரப்படகின் வடிவம் கரையில் ஒருவிதமாகவும் நீரில் வேறுவிதமாகவும் இருக்கும். ஆதலின் நேரமைப்பைப் படகு நீரில் இறங்கி ஓரிரு நாட்கள் கழித்து, எரிபொருள், நீர் ஆகியவற்றின் வழக்கமான சுமையுடன் சரிபார்த்தல் வேண்டும். கப்ளிங் போல்ட்டுகளைக் கழற்றி, இரு முகங்களையும் நெருங்கச் செய்து, மேல், கீழ், இடம், வலம் ஆகிய நான்கு இடங்களிலும் பீலர் கேஜால் இடைவெளியை அளக்க. 100 மி.மீ. விட்டமுள்ள கப்ளிங்கில் மிகுந்த இடைவெளிக்கும் குறைந்த இடைவெளிக்கும் உள்ள வேறுபாடு 0.1 மி.மீ.-க்கு மிகாதிருத்தல் வேண்டும். தண்டைக் கால்சுற்றாகத் திருப்பி மீண்டும் அளக்கும்போது இடைவெளி தண்டோடு சேர்ந்து நகர்ந்தால், தண்டு வளைந்துள்ளது அல்லது கப்ளிங் சாய்ந்துள்ளது எனத் தெளியலாம்.

7. எஞ்சின் அறையை மூடுதல்

புகைக்குழாயும் அதிர்வும் சீர்பட்டபின் எஞ்சினின் உடலோசையே எஞ்சும். இதற்குக் கனமான பலகையும் உட்புறத்தில் தீப்பற்றாத ஒலியுறிஞ்சுப் பஞ்சும் கொண்ட மூடி தேவை. மூடியின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலும் 20 டெசிபெல்லுக்கு மேல் குறைக்க இயலாது. ஆகவே கதவின் விளிம்புகளில் ரப்பர்ப் பட்டை இடுதல் மிகுந்த பயன் தரும். ஆயினும் எஞ்சினுக்குக் காற்று வேண்டும் என்பதை மறத்தலாகாது. 4 லிட்டர் கொள்ளளவுள்ள நான்கு வீச்சு எஞ்சின் 1500 சுற்றில் நிமிடத்துக்குச் சுமார் 3 கனமீட்டர் காற்றை உட்கொள்கிறது; அறையின் வெப்பத்தை அகற்ற மேலும் காற்று வேண்டும். உட்புறம் பஞ்சு பதித்து, ஒருமுறையேனும் வளைந்து செல்லும் காற்றுவழியை அமைத்தால் காற்று புகும். ஓசை நேரே வெளிவராது.

8. ஆசிரியர்களுக்கான செய்முறைகள்

(அ) நீண்ட ரப்பர் நாடாவில் ஓர் எடையைத் தொங்கவிட்டு நாடா 25 செ.மீ. நீளுமாறு செய்க. இதன் இயற்கை அதிர்வெண் வினாடிக்கு 1. கையை மிக மெதுவாக மேலும் கீழும் அசைத்தால் எடையும் உடன் அசையும். வினாடிக்கு ஒருமுறை அசைத்தால் எடை பெரிதாகக் குதிக்கும். வினாடிக்கு மூன்று நான்கு முறை அசைத்தால் எடை ஏறத்தாழ அசையாது நிற்கும். எஞ்சின் தாங்கியின் தத்துவம் முழுவதும் இதில் அடங்கும்.

(ஆ) ஒரு குழாயின் வழியே ஒலியை எழுப்பி அளந்தபின், அதே குழாயை இரண்டாக வெட்டி, நடுவே பெரிய தகரப்பெட்டி ஒன்றைச் செருகி மீண்டும் அளக்க. விரிவறையின் செயல் விளங்கும். வெவ்வேறு சுருதிகளில் எழுப்பினால் சில சுருதிகள் மிகவும் குறைவதும் சில கடந்துசெல்வதும் தெரியும்.

(இ) துறைமுகத்தில் ஒரு படகைத் தேர்ந்து, அதன் சிலிண்டர், சுழற்சி, கியர் விகிதம், இலைகள் ஆகியவற்றைக் கேட்டறிந்து, மேலே காட்டியவாறு அதிர்வெண் பட்டியலை மாணவரைக்கொண்டு எழுதச் செய்க.

9. பணியின் ஒழுங்கு

களப்பணியாளர் படகொன்றைச் சீரமைக்க அறிவுரை கூறுங்கால் பின்வரும் வரிசையைக் கைக்கொள்வது சிக்கனமானது. முதலில் புகைக்கசிவு, தளர்ந்த போல்ட்டு, எரியாத சிலிண்டர் ஆகியவற்றைச் சரிசெய்தல். அடுத்து புரொப்பெல்லரையும் தண்டின் நேரமைப்பையும் சோதித்தல். மூன்றாவதாகப் புகைக்குழாய்க்குத் தக்க சைலன்சர் அமைத்துப் பின்னழுத்தம் பார்த்தல். நான்காவதாகத் தாங்கிகளைக் கவனித்தல். இறுதியாக எஞ்சின் அறையை மூடுதல். முதலிரண்டு பணிகளுக்கும் வேண்டுவது பெரும்பாலும் உழைப்பும் கவனமுமே; பொருட்செலவு சிறிது. இவை முடியும்வரை தொழிலாளருக்குச் செவிமூடிகளை வழங்குதல் வேண்டும். செவிமூடி இடைக்கால உதவியே. அணிந்தவர் எச்சரிக்கைக் குரலைக் கேட்க இயலாமற் போகலாம் என்பதால், இரைச்சலை அது பிறக்கும் இடத்திலேயே குறைப்பதே நிலையான பரிகாரம்.